80 டிகிரி தண்ணில ஐஸ் போட்டும் கொஞ்சம் ஐஸ் மிச்சம் நிக்குது, கணக்கு எங்க இடிக்குது?

மஞ்சக்குப்பம்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பதினொன்னாவது படிக்குறா, ட்யூஷன்ல ஒரு கணக்கு குடுத்துருக்காங்க. 0 டிகிரில இருக்குற ஐஸ் 500 கிராம், 80 டிகிரி சுடுதண்ணி 500 கிராம், ரெண்டையும் கலந்தா கடைசில வெப்பநிலை எவ்ளோன்னு. நான் பெரிய ஆளாட்டம் பாதிக்கு பாதி 40ன்னு சொன்னேன், அவ சிரிச்சுட்டு விடை 0ப்பான்னா. எனக்கு நம்பிக்கையே வரல, சரி செஞ்சே பாத்துடலாம்னு ஞாயித்துக்கிழமை வீட்டம்மா கேக்குக்கு வாங்கி வச்ச தராசு, லேப் சாமான் கடைல வாங்குன தெர்மாமீட்டர், மீன்காரம்மா குடுத்த பழைய தெர்மோகோல் பெட்டி எல்லாத்தையும் எடுத்துட்டு உக்காந்தோம். ஐஸ் எங்க ஃப்ரிட்ஜ் ஐஸ் தான். கலந்து கரண்டியால ஒரு பத்து நிமிஷம் கிண்டுனா நெஜமாவே 0 காட்டுது, வாயடைச்சுப் போயிட்டேன். ஆனா ஐஸ் முழுசா கரையல, வடிகட்டி நிறுத்துப் பாத்தா 40 கிராம் மிச்சம். கணக்குப்படி எல்லாம் கரைஞ்சிருக்கணுமே? அதவிட அந்த 80 டிகிரி சூடு எங்கதான் போச்சு? பொண்ணு ஏதோ சொல்றா, எனக்கு மண்டைல ஏறல.

வெயில்_மன்னன்:
கடை தெர்மாமீட்டர்லாம் நம்பாதீங்க பாஸ். வெளில 38 டிகிரி கொளுத்துது, பெட்டிக்குள்ள சுடுதண்ணி வேற ஊத்திருக்கீங்க, 0 எப்படி வரும்?

பாண்டி_டீச்சர்:
வெயில்_மன்னன் தம்பி, ஐஸும் தண்ணியும் ஒன்னா கலந்து கெடக்குற வரைக்கும் 0 தான், வெளில எவ்ளோ வெயில் அடிச்சாலும் சரி. தெர்மாமீட்டர் சரியா இருக்கான்னு பாக்கவே ஐஸ் தண்ணிலதான் முக்கிப் பாப்போம், அதனால அவர் தெர்மாமீட்டர் பாஸ்.

சார், நீங்க 40ன்னு சொன்னதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல, எங்க கிளாஸ்ல பாதிப்பேர் அதான் எழுதுவாங்க. வெப்பமும் வெப்பநிலையும் ஒன்னுன்னு நெனைக்குறதால வர்ற வினை. 1 கிராம் தண்ணிய 1 டிகிரி ஏத்த 4.18 ஜூல் போதும். ஆனா 0 டிகிரி ஐஸ் 1 கிராம 0 டிகிரி தண்ணியா மாத்த மட்டும் 334 ஜூல் வேணும், தெர்மாமீட்டர் ஒரு கோடு கூட நகராது. 334ஐ 4.18ஆல வகுத்துப் பாருங்க, 80 வரும். உங்க சுடுதண்ணி 80லேருந்து 0க்கு எறங்கி விட்ட சூடு மொத்தமும் ஐஸ்ல மூலக்கூறு ஒன்னை ஒன்னு புடிச்சிட்டு இருக்குற பிடியைத் தளத்தவே செலவாயிடுச்சு, தண்ணிய சூடேத்த மிச்சம் ஒன்னும் இல்ல. இதான் உள்ளுறை வெப்பம். 1760கள்ல கிளாஸ்கோல ஜோசப் பிளாக்னு ஒருத்தர் கண்டுபுடிச்சது, அதுக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளுங்களே 0க்கு வந்துட்டா லேசா சூடு பட்டாலே ஐஸ் மொத்தமா உருகிடும்னு நெனச்சிட்டு இருந்தாங்க.

இப்ப உங்க 40 கிராமுக்கு வருவோம். கணக்குல "0 டிகிரில இருக்குற ஐஸ்"னு போட்டிருக்கு, உங்க ஃப்ரிட்ஜ் ஐஸ் 0ல இருந்துச்சா? ஃப்ரீஸர் -18 வரைக்கும் போகும். ஐஸ 1 டிகிரி ஏத்த கிராமுக்கு சுமார் 2.1 ஜூல், அப்ப -18லேருந்து 0க்கு வரவே 38 ஜூல் தின்னுடும். 500 கிராமுக்கு 19,000 ஜூல். அவ்ளோ சூடு உருக்குறதுக்கு கெடைக்காம போச்சுன்னா 57 கிராம் ஐஸ் மிஞ்சும். உங்களுக்கு 40தான் மிஞ்சிருக்கு, உங்க ஃப்ரீஸர் அவ்ளோ ஜில்லுனு இல்லாம இருக்கலாம், நிறுக்குறப்ப மேஜைல கொஞ்சம் கரைஞ்சிருக்கலாம். ஃப்ரீஸர்ல தெர்மாமீட்டர வச்சுப் பாருங்களேன்.

மஞ்சக்குப்பம்_அப்பா:
வச்சேன் டீச்சர். இந்த தெர்மாமீட்டர்ல -10 வரைக்கும்தான் கோடு, அந்த சிவப்பு நூல் அதையும் தாண்டி கீழ குண்டுக்குள்ள போய் உக்காந்துடுச்சு 😂 அப்ப -10க்கும் கீழன்னு மட்டும் புரியுது.

முதுநகர்_ஐஸ்:
அண்ணே நான் முதுநகர்ல ஐஸ் கம்பெனில வேலை பாக்குறேன். டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க ஐஸ் பார், அதாவது பெரிய ஐஸ் கட்டி, தகர கேன்ல தண்ணி ஊத்தி உப்புத்தண்ணி தொட்டில எறக்கி உறைய வைக்குறது, அந்த உப்புத்தண்ணி 0க்கு ரொம்ப கீழ இருந்தும் உறையாது, உப்பு வேலை அது. பார் ரெடியானதும் கேன சாதா தண்ணில ஒரு முக்கு முக்குவோம், ஓரம் மட்டும் லேசா கரைஞ்சு பார் வழுக்கிட்டு வெளில வரும். அப்ப புதுசா வந்த பார் உள்ளுக்குள்ள இன்னும் ஜில்லுதான், கையில ஒட்டும். கொஞ்ச நேரம் வெளில கெடந்து உடைச்சு சொட்ட ஆரம்பிச்சா அதான் உங்க கணக்குல வர்ற 0 டிகிரி ஐஸ்.

போட்டுக்காரங்க சொட்டுற ஐஸதான் கேப்பாங்க, காஞ்ச ஐஸ் மீன்மேல அங்கங்கதான் படும், உருகுற தண்ணி மீனுக்கு மீன் இடுக்குல ஓடி எல்லாத்தையும் குளுர வைக்கும். எங்க ஊர் சூட்டுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்னு சரிக்கு சரி போடுவாங்க. நாளைக்கு ஹார்பர் பக்கம் வந்தீங்கன்னா உடைச்ச ஐஸ் ஒரு பை வாங்கிட்டுப் போய் திரும்ப செஞ்சு பாருங்க.

இட்லி_கடை_அக்கா:
நடுவுல ஒரு சந்தேகம், கொதிக்குற தண்ணி கையில தெறிச்சா எரியுதுதான், ஆனா இட்லி குண்டான் மூடிய தொறக்கும்போது ஆவி அடிச்சா தோலே வழண்டு போகுதே, ரெண்டும் 100 டிகிரிதான?

பாண்டி_டீச்சர்:
ரெண்டும் 100தான் அக்கா, அங்கதான் இதே கதை. ஒரு கிராம் ஆவி உங்க கையில பட்டு தண்ணியா மாறும்போதே 2260 ஜூல கொட்டும், அப்புறம்தான் அந்த 100 டிகிரி தண்ணி ஆறும், அது உடம்பு சூட்டுக்கு எறங்க விடுறது வெறும் 263 ஜூல். ஆக கிராமுக்கு கிராம் ஆவி கிட்டத்தட்ட பத்து மடங்கு சூட எறக்குது. மூடிய உங்க பக்கம் தொறக்காம எதிர்ப்பக்கமா தொறங்க.

மஞ்சக்குப்பம்_அப்பா:
முதுநகர் தம்பி சொன்னபடி இன்னைக்கு ஐஸ் வாங்கிட்டு வந்தேன், ஸ்கூட்டர் கால் வைக்குற எடம் முழுக்க தண்ணி. நல்லா சொட்டிட்டே இருந்த ஐஸ் 500 கிராம், 80 டிகிரி தண்ணி 500 கிராம், அதே பெட்டி. இந்தவாட்டி ஒரு துண்டு கூட மிஞ்சல! ஆனா தெர்மாமீட்டர் 0ல நிக்காம 2ல நிக்குது. பொண்ணு இதயும் கேளுன்னு அடம்.

பாண்டி_டீச்சர்:
தராசுல வைக்குறதுக்கு முன்னாடி ஐஸ துணில துடைச்சீங்களா சார்? அந்த 500ல 25 கிராம் ஏற்கனவே தண்ணியா இருந்திருந்தாலே போதும், உருக்க வேண்டிய ஐஸ் அவ்ளோ கொறைஞ்சு அந்த சூடு மொத்தத் தண்ணியயும் 2 டிகிரி ஏத்திடும்.

மஞ்சக்குப்பம்_அப்பா:
துடைக்கல டீச்சர் 🙈 தராசு தட்டுல தண்ணி தேங்கி நின்னுச்சு, அதயும் சேத்துதான் ஊத்துனேன்.