மறுமொழி: “உலோகவிடைச் சேர்வை” பொருந்துமா?

வணக்கம் ஐயா,

“Intermetallic compound” என்பதற்கு நான் வைத்த “உலோகவிடைச் சேர்வை” எதற்கு, “கலப்புலோகம்” என்றாலே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. பித்தளையில் நாகம் (துத்தநாகம்) 30 வீதம் போடலாம், 35 போடலாம், பித்தளைதான். இலந்தனமும் நிக்கலும் சேர்வதோ 1 அணுவுக்கு 5 அணு என்ற கணக்கில். பளிங்கில் ஒவ்வோர் அணுவுக்கும் தனி இருக்கை. இடைவெளிகளில், ஓர் இலந்தன அணுவுக்கு ஐதரசன் அணு ஆறு வரை ஏறும்; நிறையில் 1.4 வீதமளவு. ஏறும்போது கனவளவு ஏறக்குறைய கால்வாசி கூடுவதால், சில சுற்றுகளிலேயே கட்டி தூளாகிவிடும். வளைந்து கொடுக்கும் குணமே இல்லை. பித்தளைபோல் தகடடிக்கலாம் என்று பிள்ளை நினைத்தால் பிழை நம் சொல்லில்தான்.

“மூலக்கூற்றிடை விசை” ஏற்கெனவே புழங்குகிறது. அதே அச்சில் “உலோகவிடைச் சேர்வை”.

*

“இடை” சரி தம்பி. “சேர்வை”தான் உறுத்துகிறது. உயர்தரப் பிள்ளை உடனே வலுவளவு (ஓரணுவின் பிணையும் எண்) போட்டுப் பார்க்கும். இலந்தனம் 3, நிக்கல் 2. எப்படிப் போட்டாலும் 1-க்கு 5 வராது. அதோடு, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தேயிலைத்தூளிலிருந்து இரும்புத் துகள் பிடிக்கும் நியோடைமியக் காந்தக் கட்டை சேர்வையா, கலப்புலோகமா?

*

ஐயா, வலுவளவு விதி இதற்குச் செல்லாது என்பதை வரைவிலக்கணத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

காந்தக் கேள்விதான் முக்கியம். கட்டை முழுவதும் ஒரே பொருளல்ல. காந்தம் தருவது 2 நியோடைமியம், 14 இரும்பு, 1 போரன் என்ற அணுக்கணக்குக் கொண்ட நுண்பளிங்கு மணிகள். அந்தக் கணக்குப்படி நியோடைமியம் நிறையில் 26.7 வீதம் போதும். ஆனால் உருக்கும்போது 30 வீதமளவு போடுகிறார்கள். மிச்சம் மணிகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று, ஒன்றின் காந்தத்தை மற்றது கவிழ்க்காமல் காக்கிறது. துருவுக்கு வாசலும் அதே படலம்தான்: நிக்கல் பூச்சு கீறினால், நுவரெலியா ஈரத்தில் ஓரம் பொருமி உதிரும். சாதாரணத் தரம் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலுவிழக்கும் என்பதால் தேயிலை உலர்த்தியின் வாயிலும் வைக்கக்கூடாது. அங்கே சமாரியம்-கோபாற்று வேண்டும். துளைபோடவே கூடாது: வெடித்துச் சிதறும், தூள் தீப்பிடிக்கும்.

ஆகவே மணி “உலோகவிடைச் சேர்வை”, கட்டை “கலப்புலோகம்”. இரண்டு சொல்லும் வேண்டும்.

*

அப்படியானால் சரி. சந்தி பிரிக்காமல் எழுதுங்கள். “உலோக இடை” என்று விட்டால் அரைஞாண் கொடி மாதிரி இருக்கிறது.