டபிள் கெப்பில் ஏற்றி இறக்கும் பெட்டியா, கன்டரில் நிரந்தரப் பெட்டியா?

பனங்கூடல்:
ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால திறந்த தட்டும் உள்ள பிக்கப்) ஒண்டு இருக்கு. பின்தட்டு ஒன்றரை மீற்றர். இரண்டு பேர் படுக்க, சமைக்க ஒரு பெட்டி அடிச்சு ஏற்றி, பயணம் முடிய இறக்கி வைக்கிற யோசினை. கேட்டவையில பாதிப்பேர், அதை வித்துப்போட்டுப் பத்தரையடித் தட்டுள்ள கன்டர் லொறி எடுத்து நிரந்தரமாப் பெட்டி கட்டச் சொல்லினம். ஓட்டம் மன்னார், திருகோணமலை, வடமராட்சி கிழக்கு. எது சரி?

பத்தரையடி:
கன்டர்தான். ஒன்றரை மீற்றர்த் தட்டில ஒரு வளர்ந்த ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கேலாது. அப்ப கட்டிலைக் காபினுக்கு மேல கொண்டு போகவேணும், இல்லாட்டிப் பெட்டியைப் பின்கதவு தாண்டி வெளியில நீட்டவேணும். இரண்டும் வில்லங்கம். பத்தரையடியில 3.2 மீற்றர் நீளம் கிடைக்கும். நெடுக்குக் கட்டில், குசினி, நிண்டு குளிக்க ஒரு மூலை, எல்லாம் அடங்கும். பாரத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

நாவற்குழியான்:
அண்ணை, யோசிக்கத் தேவையில்லை எண்டதுதான் பிழை. கன்டரின்ர ஸ்பிரிங் பிளேற்றுகள் தொன் கணக்கில ஏற்றுறதுக்கு அடுக்கினது. எழுநூறு கிலோவோட ஓடினா, பள்ளத்தில அலுமாரிக் கதவு தானாத் திறக்கும், தட்டுமுட்டு எல்லாம் நிலத்தில கிடக்கும். மொத்த நிறை 3,500 கிலோவைத் தாண்டின லொறியெண்டா சாதாரண கார் லைசன்ஸ் காணாது, சி1 எண்ட லொறி லைசன்ஸ் வேணும். இன்னொண்டு, எஞ்சின் பார்க்கக் காபினை முன்னுக்குக் கவிழ்க்கவேணும். அதால காபினுக்கு மேல கட்டிலே போடேலாது. போட்டா, எஞ்சினில கை வைக்கேலாது.

டபிள் கெப்பில நாலு மூலை ஜாக்கில பெட்டியை நிறுத்திப்போட்டு, வண்டியை வெளியில எடுத்து அடுத்தநாள் சந்தைக்குப் போகலாம். கன்டரில வீட்டையும் சேர்த்துக் கொண்டு போகவேணும்.

பத்தரையடி:
சந்தைக்குப் போறது இருக்கட்டும். பாரக் கணக்கைச் சொல்லுங்கோ.

நாவற்குழியான்:
சொல்லுறன். சி.ஆர். எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில மொத்த நிறையும் வெறும் நிறையும் இருக்கும், கழிச்சுப் பாருங்கோ. உதாரணத்துக்கு 2,900இல 1,950 போனா 950 கிலோ. பெட்டி 280, தண்ணி 60 லீற்றர் எண்டா 60, குளிர்பெட்டி சாமானோட 30, லித்தியம் பற்றறி 12, அடுப்பும் சின்ன சிலிண்டரும் 10, மெத்தையும் உடுப்பும் 55, கருவி, கயிறு, தறப்பாள் 30, முன்னுக்கு இரண்டு பேர் 140. மொத்தம் 617. மிச்சம் முந்நூறுக்கு மேல.

கறளாணி:
அந்த 280 அலுமினியச் சட்டத்துக்குத்தான் பொருந்தும். 25×25 மி.மீ. இரும்புப் பொக்ஸ் பார், 1.6 மி.மீ. தடிப்பில், மீற்றருக்கு 1.18 கிலோ. அதே அளவு அலுமினியம் 1.5 மி.மீ. தடிப்பில் 0.38 கிலோ. இப்படி ஒரு பெட்டிக்கு 60 மீற்றர் போகும் என்று வையுங்கள்: இரும்பு 71 கிலோ, அலுமினியம் 23. பிளைவூட்டில் ஆட்கள் இதைவிட மோசமாக ஏமாறுகிறார்கள். எட்டுக்கு நாலு 12 மி.மீ. பலகை ஒன்று இருபது கிலோவைத் தாண்டும், 6 மி.மீ. பலகை ஏறக்குறையப் பதினொன்று. பத்துப் பலகையில் நூறு கிலோ வித்தியாசம். இரும்பும் தடித்த பலகையும் சேர்ந்தால் பெட்டி 430 கிலோவுக்கு வந்துவிடும்.

இரும்பை வேண்டாம் என்பது பாரத்துக்காக மட்டும் அல்ல. இங்கே கறள் முதலில் பிடிப்பது வெல்டிங் மூட்டின் உட்பக்கத்தில், பார்க்க முடியாத இடத்தில். ஆனால் அலுமினியத்துக்குச் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் உப்புக் காற்றில் இரண்டும் சேர்ந்தே அழியும். ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்தால் அதுதான். அலுமினிய ரிவிற் அடியுங்கள். போல்ற்று தேவையான இடத்தில் 316 தர எவர்சில்வர், இடையில் நைலோன் வாசர். கடற்கரை போய் வந்தால் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். தீவுப்பக்கச் சவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்புக்கு மேலே உப்புப் பூசுவது மாதிரி.

பத்தரையடி:
கூட்டுத்தொகை சரி, நாவற்குழியான். ஆனா அது எங்க குந்துது? ஹைலக்ஸின்ர இரண்டு அச்சுக்கும் இடையில 3,085 மி.மீ. ஆளை விட்டு, பெட்டியும் சாமானும் 480 கிலோ எண்டு வையும். பின்கதவுக்கு வெளியில நீட்டின பெட்டியில பாரத்தின்ர நடு பின்னச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னால விழும். 480ஐ 0.4ஆல பெருக்கி 3.085ஆல பிரிச்சா 62. அவ்வளவு கிலோ முன்னச்சில இருந்து தூக்குப்படும், பின்னச்சுக்கு 542 ஏறும். ஸ்ரியரிங் லேசாகும், மழை றோட்டில பிறேக் பிடிக்க முன்சில்லு வழுக்கும்.

பிறகு பின்பக்கம் பதியுது எண்டு ஆட்கள் ஸ்பிரிங்குக்குத் துணையாக் காற்றுப் பை போடுவினம். ஸ்பிரிங் பாரத்தை இரண்டு முனையாலும் சேசிக்கு (வண்டியின்ர அடிச்சட்டத்துக்கு) குடுக்கும், காற்றுப் பை நடுவில ஒரே இடத்தில குத்தும். டபிள் கெப் சேசி காபினுக்குப் பின்னால வளையிறது இதாலதான்.

நாவற்குழியான்:
இதை ஏற்கிறன். அதுக்காகத்தான் நீட்டக்கூடாது. கட்டிலைக் காபினுக்கு மேல கொண்டு போ, தண்ணிக் கானையும் பற்றறியையும் பின்தட்டின்ர முன்சுவரோட, நிலத்தில வை. நடு பின்னச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னுக்கு வந்தா முன்னச்சுக்கு 31 கிலோ கூடும், பின்னச்சுக்கு 449தான். பெட்டி அதே பெட்டி, பின்னச்சில 93 கிலோ குறைவு. காற்றுப் பை வேண்டாம், தேவையெண்டா ஒரு பிளேற் கூட்டினாக் காணும்.

கட்டுறதும் முக்கியம். பின்தட்டின்ர பக்கத் தகரத்தில கொழுவினா தகரம் கிழியும். சேசியில பிடிச்ச பிறக்கற்றில இருந்து நாலு முறுக்குக் கொழுக்கி. அடியில 8 மி.மீ. றப்பர் விரிப்பு, இல்லாட்டிப் பெட்டி வழுக்கும். முதல் ஐம்பது கிலோமீற்றரில நிண்டு திரும்ப இறுக்கவேணும். நைலோன் கயிறு மழைக்கு இளகும், தொடாதேங்கோ.

பனங்கூடல்:
காபினுக்கு மேல கட்டில் எண்டா உயரம் கூடாதோ? சங்குப்பிட்டிப் பாலத்தில சோளகக் காற்று பக்கத்தால அடிக்கும்.

பத்தரையடி:
அடிக்கும். பண்ணைப் பாலத்திலயும் அடிக்கும்.

நாவற்குழியான்:
கன்டர்ப் பெட்டிக்கு அடிக்காதோ? பெரிய சுவருக்குக் கூடத்தான் அடிக்கும். கூரையை மேல தூக்கி விரிக்கிற மாதிரி அடிச்சா ஓடேக்க உயரம் குறையும்.

பத்தரையடி:
தூக்கிற கூரையின்ர பக்கம் சீலை. ஐப்பசி, கார்த்திகை மழையில ஈரச் சீலையை மடிச்சு இரண்டு நாள் வைச்சா பூஞ்சணம் பிடிச்சு மணக்கும். மாரியில ஓடுறவைக்கு அது சரிவராது.

மின்குமிழ்:
கூரைச் சண்டை நடக்கட்டும். யாரும் மின்சாரத்தைக் கதைக்கவில்லை. 40 லீற்றர்க் கொம்பிரசர்க் குளிர்பெட்டி எங்கள் வெக்கையில் நாளுக்கு ஏறக்குறைய 500 வாற்று-மணி எடுக்கும். 25 வாற்று மின்விசிறி ஒன்பது மணித்தியாலம் ஓடினால் 225. வெளிச்சம், தொலைபேசி நூறு. மொத்தம் 825. படுக்கையாகப் போட்ட 200 வாற்றுச் சோலர் நல்ல வெயிலில் 700 அளவில்தான் தரும், ஆகவே 300 வாற்று. பனை நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. பெட்டிக்குக் குளிர்ச்சி வேண்டுமா, பற்றறிக்கு வெயில் வேண்டுமா என்பதை நிறுத்தும்போது தீர்மானிக்க வேண்டும்.

மாரிக்கு எஞ்சினில் இருந்து ஏற்ற வேண்டும். லித்தியம் பற்றறியை, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் அல்ரனேற்றருக்கு நேரே கொடுத்தால் அது இழுக்கும் கரண்டில் அல்ரனேற்றர் சூடாகிக் கருகும். நடுவில் கரண்டை அளவாக விடும் 30 அம்பியர் டி.சி.-டி.சி. சாச்சர் கட்டாயம். வயர் போக வர பத்து மீற்றர் என்றால், 6 சதுர மி.மீ. வயரில் 0.9 வோல்ற்று தொலையும், 16 சதுர மி.மீ. வயரில் 0.3. பியூஸ் பற்றறிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சாச்சருக்குப் பக்கத்தில் அல்ல. வயர் உரசித் தீப்பிடிப்பது இடைவழியில்தான்.

பனங்கூடல்:
ஏசி?

மின்குமிழ்:
சின்ன ஏசி 700 வாற்று இழுத்தால் 12.8 வோல்ற்று 100 அம்பியர்-மணிப் பற்றறி இரண்டு மணித்தியாலத்துக்கும் காணாது. கூரைக்கு வெள்ளை அடித்து, 25 மி.மீ. நுரைப்பலகை ஒட்டி, எதிரெதிரே இரண்டு ஜன்னல் வையுங்கள். நுளம்பு வலை காற்றைக் குறைக்கும், ஜன்னலைப் பெரிதாக வெட்டுங்கள்.

கறளாணி:
காஸ் பற்றி ஒரு சொல். காஸ் காற்றைவிடப் பாரம், கீழே இறங்கும். ஹைலக்ஸின் பின்தட்டு நாலு பக்கமும் மூடிய தொட்டி. கசிந்தால் அங்கேயே தேங்கி நிற்கும், மேலே ஜன்னல் திறந்தும் பயன் இல்லை. சிலிண்டருக்குத் தனியறை, உள்ளே வாசம் வராதபடி அடைத்து, அடியில் 50 மி.மீ. துளை பெட்டியையும் தட்டையும் துளைத்து வெளியே போக வேண்டும். 2.3 கிலோ சிலிண்டர் போதும்.

பனங்கூடல்:
கக்கூஸ்? மனைவி அதுக்குத்தான் கன்டர் எண்டு நிக்கிறா.

பத்தரையடி:
சரியாச் சொல்லுறா.

நாவற்குழியான்:
மூடி வைச்ச வாளியும் தும்புத்தூளும் காணும். மூத்திரத்தைத் தனியாக் கானில எடுத்தா மணம் பாதி குறையும். எதுவா இருந்தாலும் கண்ட இடத்தில ஊத்தாதேங்கோ. எங்கட யாழ்ப்பாண மண் மெல்லிசு, அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு. வெடிப்பால இறங்கினது ஆரின்ரையோ கிணத்துக்குத்தான் போகும். இது கன்டருக்கும் பொருந்தும்.

பத்தரையடி:
அதில எனக்குச் சண்டை இல்லை. மணற்காட்டுப் பக்கம் இறங்க முன்னம் சில்லுக் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கோ, பாரமான பின்சில்லுக்கு 22. காற்றடிக்கிற பம்ப் இல்லாமல் போகாதேங்கோ, அந்தக் காற்றோட தார் றோட்டில ஓடினா ரயர் சூடாகி வெடிக்கும். இந்த விசயத்தில மட்டும் கன்டரை விட ஹைலக்ஸ் திறம், சொல்லிப்போட்டன்.

பனங்கூடல்:
சரி, அலுமினியச் சட்டம், காபினுக்கு மேல கட்டில், நீட்டு இல்லை, கூரை தூக்கிறதில்லை. கக்கூஸ் வாளிக்கு வீட்டில இன்னும் அனுமதி வரேல்லை.

நாவற்குழியான்:
உள்பலகை அடிக்க முன்னமே பெட்டியை ஏற்றி, தண்ணி நிரப்பி, ஆட்களும் ஏறி நிறை பாருங்கோ. முன்சில்லை மட்டும் தராசில ஏற்றி ஒருக்கா, முழு வண்டியும் ஏற்றி ஒருக்கா. கழிச்சா பின்னச்சு. பிழையெண்டா அப்பதான் கானை இடம் மாத்தலாம்.

பத்தரையடி:
வெறும் வண்டியையும் அதே தராசில நிறுத்திட்டு, இலக்கத்தை இஞ்ச போடும். முன்னச்சில ஒரு கிலோ குறைஞ்சிருந்தாலும் நான் திரும்பி வருவன்.