10 வயது மகள் எழுதிய புரோகிராம்: "குட்டி மேதை" என்று பத்திரிகையில் போட விடலாமா?

கேட்டவர்: கோவில்பட்டி அப்பா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. கொரோனாவுக்குப் பிறகு ஊரிலேயே இருந்து வேலை பார்க்கிறேன். ரெண்டு வருடம் முன்பு என் பழைய லேப்டாப்பை அவளிடம் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான புரோகிராமிங் மொழியான ஸ்கிராட்ச்சில் பூனையை ஓடவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவள், போன வருடம் பெரியவர்கள் பயன்படுத்தும் பைத்தான் மொழிக்கு வந்தாள்.

என் அம்மா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநர். 12 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கூட்டம் முடிந்த ராத்திரியில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டில் கூட்டிக் கழிப்பதைப் பார்த்து, "நான் இதுக்கு ஒரு புரோகிராம் எழுதட்டுமா ஆச்சி?" என்று கேட்டாள். மூன்று வாரத்தில் எழுதியும் விட்டாள்.

முதல் தடவை ஓட்டியபோது மாதச் சேமிப்பு 2,400 வரவேண்டிய இடத்தில் 2,200 வந்தது. எனக்குப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்திருந்தாள். பெயர்களை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்து விரல்விட்டு எண்ணினாள். 11 பேர்தான். "ஆச்சி, குழுவுல யாராவது நின்னுட்டாங்களா?" என்று ஓடினாள். அம்மா பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "முத்துலட்சுமி, அப்புறம் இன்னொரு முத்துலட்சுமி" என்றதும் திரும்பி ஓடி வந்தாள்.

"அப்பா, ரெண்டாவது முத்துலட்சுமி வந்து முதல் முத்துலட்சுமி மேல உக்காந்துட்டாங்க!"

டிக்‌ஷனரியில் (பைத்தானில் ஒவ்வொரு கணக்கையும் ஒரு சாவியோடு சேர்த்து வைக்கிற பட்டியல் அது) பெயரையே சாவியாக வைத்திருந்தாள். ஒரே பெயர் இரண்டாம் முறை வந்ததும் முதல் ஆளின் கணக்கு அழிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு எண் கொடுக்கலாமே என்று அப்போதுதான் சொன்னேன். "நம்பர் போட்டா ஆச்சிக்கு யாருன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு, டெய்லர் முத்துலட்சுமி, மேட்டுத்தெரு முத்துலட்சுமி என்று மாற்றினாள். கணக்கு சரியாக வந்தது.

இதைப் பள்ளி ஆண்டு விழாவில் காட்டினாள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. ஒரு நிருபர் "கோவில்பட்டியின் குட்டி மேதை" என்று எழுத ஆசைப்படுகிறார். பணம் கட்டினால் "உலக சாதனை" சான்றிதழ் தருகிறோம் என்று ஓர் அமைப்பிலிருந்து போன் வந்தது. அதே வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் என் மச்சான், அவரும் மென்பொருள் துறைதான், அவளை வைத்துக்கொண்டே சொன்னார்: "அப்பன் ஐடி, அதான் பொண்ணு மேதை. இல்லைன்னா இருக்கவே இருக்கு ஏஐ." எல்லாரும் சிரித்தார்கள். பைக்கில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "அதை நான்தானப்பா எழுதினேன்?"

மறைக்காமல் சொல்கிறேன். பைத்தானை நிறுவிக் கொடுத்தது நான். எரர் வந்தால் பதறாமல் கடைசி வரியை முதலில் படி என்று சொல்லிக் கொடுத்தது நான். ஃபைலில் சேமிக்கிற நான்கு வரி நான் எழுதியது. ஏஐ எதையும் அவள் கையில் கொடுக்கவில்லை. மீதி எல்லாம் அவள். பேட்டி கொடுக்கலாமா? அது அவள் வேலைதான் என்று மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

---

பதில்: தாமிரபரணிக் கரை

முதலில் குழந்தைக்கு வாழ்த்து! தாராளமாகப் பேட்டி கொடுங்கள். பாகிஸ்தானில் ஆர்ஃபா கரீம் 2004 இல், 9 வயதில், மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் வாங்கினாள். அடுத்த வருடம் பில் கேட்ஸைப் போய்ச் சந்தித்தாள். 2012 ஜனவரியில், 16 வயதில் இறந்துபோனாள். லாகூரில் இருக்கும் மென்பொருள் பூங்காவுக்கு இன்று அவள் பெயர்தான். அந்தச் செய்தியைப் படித்து எத்தனை பெண் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருப்பார்கள்! மச்சான் பேசுவதைப் பொருட்படுத்தாதீர்கள். காய்த்த மரம்தான் கல்லடி படும்.

---

பதில்: பழைய போட்டோ

அண்ணா, நான் வேண்டாம் என்பேன். அப்படி ஒரு போட்டோவில் நின்றவள் நான்.

ஆர்ஃபா பற்றிய செய்தியைப் படித்துவிட்டுத்தான் என் அப்பாவும் என்னை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தார். எனக்கும் அப்போது 9 வயது. ஆர்ஃபா எப்படிப் படித்தாள் என்பது வேறு. நான் எப்படிப் படித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த மாதிரிச் சான்றிதழ் தேர்வுக்குப் பழைய கேள்விகளைத் திரட்டி வைத்திருப்பார்கள், டம்ப் என்று சொல்வார்கள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் குறள் ஒப்பிப்பது போல நான் அதை ஒப்பித்தேன். கேள்வியின் முதல் மூன்று வார்த்தையைப் பார்த்தாலே விடை "சி" என்று தெரியும். சான்றிதழ் பொய்யில்லை, மதிப்பெண்ணும் பொய்யில்லை. ஆனால் ஓடுகிற புரோகிராம் பத்து வரி நான் அதுவரை எழுதியது கிடையாது.

பத்திரிகையில் படம் வந்தது. அப்பா அதை லேமினேட் செய்து கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினார். மூன்று வருடம் விழா விழாவாகச் சால்வை வாங்கினேன். ஒரு பள்ளி விழாவுக்கு வந்த பொறியாளர், நல்ல மனிதர், மேடையில் சாக்பீஸைக் கையில் கொடுத்து, "பத்திலிருந்து ஒன்று வரைக்கும் அச்சடிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதும்மா, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார். எனக்குக் கை ஓடவில்லை. அவர் உடனே புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அதற்கப்புறம் கல்லூரி முடிக்கும் வரை கம்ப்யூட்டரைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

என்னைச் சந்தேகப்பட்டவர்கள் யாரும் தப்பாகச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தப் பேச்செல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. 9 வயதில் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து யாராவது ஒருவர், "இது எப்படி வேலை செய்யுது பாப்பா?" என்று கேட்டிருந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள் முத்துலட்சுமியைக் கண்டுபிடித்த அந்த ரெண்டு சாயங்காலம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதைப் பேட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

---

பதில்: லேப் டீச்சர்

அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். "இது நீ எழுதினதா?" என்பது என் அன்றாடக் கேள்வி, அதனால் சொல்கிறேன்.

செய்முறைத் தேர்வுக்கு முழு புரோகிராமையும் மனப்பாடம் செய்துகொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. ஓடுகிற புரோகிராமிலிருந்து நடுவில் ஒரு வரியை நான் அழித்துவிடுவேன். எழுதியவன் கொஞ்சம் எரிச்சலோடு பார்ப்பான், அப்புறம் நேரே அந்த இடத்துக்குப் போவான். மனப்பாடம் செய்தவன் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பிப்பான். பத்து நிமிடம்கூட ஆகாது. இன்னொன்று, தேவையைக் கொஞ்சம் மாற்றிக் கேட்பது. ஏஐ எழுதிக் கொடுத்த புரோகிராமைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை தனக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. ஆச்சிக்கு உண்மையிலேயே வேண்டிய மாற்றமாக இருக்க வேண்டும்.

சந்தேகத்துக்கே இடமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெலாரஸில் கோமெல் நகரத்துப் பையன் கென்னடி கொரோட்கெவிச். அப்பா அம்மா இருவருமே அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர்கள். உங்கள் மச்சான் அங்கே இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் அவன் 2006 இல் மெக்சிகோவில் பள்ளி மாணவர்களுக்காக நடந்த பன்னாட்டு நிரலாக்க (புரோகிராமிங்) ஒலிம்பியாட்டில் 11 வயதில் வெள்ளி வாங்கினான். கூடப் போட்டியிட்டவர்கள் பெரும்பாலும் பள்ளி முடிக்கிற வயதுப் பையன்கள். 2 நாள் போட்டி, நாளுக்கு 5 மணி நேரம், இணையம் கிடையாது, பக்கத்தில் அப்பாவும் கிடையாது. அடுத்து 2007 முதல் 2012 வரை ஆறு வருடமும் தங்கம். அவனை மேதை என்று யாரும் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் ஆரன் ஸ்வார்ட்ஸ் கதை வேறு மாதிரி. இணையதளங்களில் புதிதாக வருவதை வாசகருக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் செய்தியோடைக்கான ஆர்எஸ்எஸ் 1.0 வரையறையை எழுதிய குழுவில் இருந்தபோது அவனுக்கு 14 வயது. எல்லாம் மின்னஞ்சலில் நடந்ததால் கூட வேலை செய்தவர்களுக்கு அவன் சிறுவன் என்றே தெரியாது. அவன் எழுதியதை மட்டும் வைத்து வாதாடினார்கள். என்னைக் கேட்டால் ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை அது.

நம் நாட்டிலும் நிரலாக்க ஒலிம்பியாட் உண்டு. முதல் கட்டத்தில் பேனாவும் தாளுமாக எழுதுகிற மண்டலத் தேர்வு உண்டு, அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. ஆசைப்பட்டால் பழைய வினாத்தாளை எடுத்துப் புதிர் போடுகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து போடுங்கள். போட்டிக்கு என்று தள்ளாதீர்கள்.

---

பதில்: ராஜபாளையத்துக்காரன்

தலைப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் சிவா அய்யாதுரை. 1978 இல், 14 வயதில், நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் கம்ப்யூட்டரில் கொண்டுவரும் மென்பொருளை எழுதினார். அதற்கு ஈமெயில் என்று பெயர் வைத்து 1982 இல் பதிப்புரிமைப் பதிவும் வாங்கினார். இதுவரை எல்லாம் உண்மை, பள்ளிப் பையனுக்குப் பெரிய வேலை. ஆனால் "ஈமெயிலைக் கண்டுபிடித்தவர்" என்று அவரும் சொல்லி, பத்திரிகைகளும் போட்டதும் சண்டை வந்தது. ஏனென்றால் ரே டாம்லின்சன் 1971 இலேயே, இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சல் அனுப்பிவிட்டார், @ குறியைப் போட்டதும் அவர்தான். 2012 இல் விவகாரம் பெரிதாகி, பிற்பாடு வழக்கு வரை போனது. இன்று அவர் பெயரைச் சொன்னால் அந்தச் சண்டைதான் நினைவுக்கு வருகிறது. 14 வயதில் அவர் உட்கார்ந்து எழுதிய மென்பொருளைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

இன்னொரு பக்கம், 2020 இல், குழந்தைகளுக்கு ஆன்லைனில் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்த ஒயிட்ஹேட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில் வந்த "வுல்ஃப் குப்தா". விளம்பரத்துக்கு விளம்பரம் வயதும் சம்பளமும் மாறும், பல கோடி என்பார்கள். அப்படி ஒரு பையனே கிடையாது, கற்பனைப் பாத்திரம். கடைசியில் விளம்பரத் தர அமைப்பு தலையிட்டு அந்த நிறுவனத்தின் சில விளம்பரங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. இதையெல்லாம் பார்த்த ஜனங்கள் உங்கள் மகளை நம்ப மாட்டேன் என்றால் அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். "மேதை" என்று போடாமல் "பாட்டியின் குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்த ஐந்தாம் வகுப்பு மாணவி" என்று போடச் சொல்லுங்கள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

---

கேட்டவர்: கோவில்பட்டி அப்பா

எல்லாருக்கும் நன்றி. பழைய போட்டோ தங்கச்சி, உங்கள் பதிலை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ரெண்டு பேருக்கும் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

நிருபரிடம் ராஜபாளையத்துக்காரர் சொன்ன மாதிரியே கேட்டுப் பார்த்தேன். "அதில் செய்தி இல்லையே சார்" என்றார். சரி, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சான்றிதழ்காரர்களுக்கு நான் திருப்பிப் பேசவே இல்லை.

மச்சான் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தார். நான் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. அம்மாவே, கூட்டத்துக்கு வராதவர்களுக்கு 10 ரூபாய் தண்டம் போடத் தீர்மானம் எழுதியிருக்கிறோம், அதையும் இதில் சேர்த்துக்கொடு என்று அவளிடம் சொன்னார். சாப்பாட்டு இலையை எடுத்ததும் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தாள். மச்சான் நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டார்.

முதல் தடவை 12 பேருக்குமே தண்டம் விழுந்தது, வந்தவர்களுக்கும் சேர்த்து. அடுத்த தடவை யாருக்குமே விழவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டேன், பக்கத்தில் போனால் வாய் திறந்துவிடுவேன் என்று பயம். கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"மாமா, வராதவங்களுக்கு மட்டும்தானா? லேட்டா வந்தவங்களுக்கு?"

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது உங்க ஆச்சியைத்தான் கேக்கணும்" என்றார். ரெண்டு பேருமாக எழுந்து அம்மாவைத் தேடிப் போனார்கள்.

லேட்டுக்கு 5 ரூபாயாம்.