பீட், ரீவெட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்தோனேசியாவுக்கு உட்பட்ட போர்னியோ பகுதியான காலிமந்தானில் ஊர்மக்கள் முன்னின்று காடுகளை மீட்பதைப் பற்றி எழுதிவருகிறேன். அங்கே சதுப்பில் சேர்ந்து கிடக்கும், முழுதாக மட்காத தாவர மண்ணான ‘பீட்’ என்பதற்கு ‘முற்றா நிலக்கரி’ என்ற சொல் இருக்கிறது. அதன்படி, நீர் வடிந்து காய்ந்த அந்த நிலத்தை மீண்டும் ஈரமாக்கும் ‘பீட்லாண்ட் ரீவெட்டிங்’கை ‘முற்றா நிலக்கரி நில மறுநனைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன்; வாயில் நிற்கவில்லை. ‘மக்கா நிலம்’ என்று சுருக்கலாமா?

———

வணக்கம்.

‘மக்கா’ வேண்டாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்றே கேட்டுப் பழகிவிட்டோம்; ‘மக்கா நிலம்’ என்றதும் பிளாஸ்டிக் கொட்டிய இடம்தான் நினைவுக்கு வரும். ‘நிலக்கரி’யும் கூடாது என்பேன். கரி என்றால் வெட்டி எரிப்பதற்கு. இந்த மண் எரியக் கூடாதென்றுதானே அந்த ஊர்கள் பாடுபடுகின்றன!

இலையும் வேரும் மரமும் தேங்கிய நீரில் விழுந்து, காற்றுப் படாததால் முழுதாக மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீட்டர் கணக்கில் சேர்ந்ததுதான் பீட். ஆகவே ‘அரைமட்கு’ என்கிறேன். அரைமட்கு நிலம், அரைமட்குச் சதுப்புக் காடு என்று நீட்டவும் வசதி.

‘மறுநனைப்பு’ போதாது. மேலே தண்ணீர் தெளித்தாலும் நனையும். இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு 1995இல் மத்திய காலிமந்தானில் சுமார் 10 லட்சம் எக்டேரை நெல்வயலாக்கப் புறப்பட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டியது. நெல் கைகொடுக்கவில்லை, நீர் வடிந்து காய்ந்த மண் 1997இல் பற்றி எரிந்தது. இன்று அதே கால்வாய்களை மறித்து நிலத்தடி நீரை மேலே கொண்டுவருகிறார்கள். ஒரே பெரிய தடுப்பு உதவாது. பஞ்சு போன்ற மண், நீர் பக்கவாட்டில் அரித்துச் சுற்றிப் போய்விடும். படிப்படியாகப் பல சிறு தடுப்புகள் வேண்டும். படகு போகவும் வழி விட வேண்டும். வயலுக்கும் காட்டுக்கும் அந்தக் கால்வாய்தான் பாதை. அதை முழுதாக அடைத்தால் ஊரார் உடைக்கத்தான் செய்வார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கே, எவ்வளவு உயரத்தில் மறிப்பது என்பதை அவர்களைக் கேட்காமல் முடிவுசெய்வது வீண் வேலை.

ரீவெட்டிங்குக்கு ‘ஈரமீட்பு’ என்பது என் பரிந்துரை. தடுப்புக்குக் காவிரிப் பக்கத்துக் ‘கொரம்பு’ இருக்கிறதே!

———

வணக்கம்.

அரைமட்குக்கு என் முழு ஆதரவு. நீலகிரி உச்சிப் பள்ளத்தாக்குகளிலும் பீட் படிவுகள் உண்டு. அங்கே புல்லும் கோரையும், காலிமந்தானில் மரம். இரண்டுக்கும் இச்சொல் பொருந்துகிறது.

கொரம்பு எனக்கு மிகப் பிடித்த சொல், ஆனால் இங்கே சேராது. மணலும் மூட்டையும் போட்டு நீரை வாய்க்காலுக்குத் திருப்ப அப்போதைக்குக் கட்டுவது அது. வெள்ளம் வந்தால் போய்விடும். இங்கே தடுப்பு வெள்ளத்திலும் நிற்க வேண்டும், நீர் திரும்பாமல் தேங்க வேண்டும். ‘கால்வாய்த் தடுப்பு’ போதும்.

‘ஈரமீட்பு’ அழகுதான். ஆனால் ‘ஈரநிலம்’ ஏற்கெனவே ஏரி, கழிமுகம், அலையாத்திக் காடு எல்லாவற்றுக்கும் வழங்குவதால், ஈரநில மீட்பு என்றே படிப்பார்கள். இந்தோனேசியாவின் 2016ஆம் ஆண்டு விதி, சாகுபடிக்கு விட்ட அரைமட்கு நிலத்திலும் நீர்மட்டம் தரைக்கு 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது. அளப்பது நீர்மட்டத்தை, மீட்பதும் அதையே. எனவே ‘நீர்மட்ட மீட்பு’. ரியாவ் மாநிலத்து சுங்கை தோகோர் ஊரார் கால்வாயை மறித்துத் மாவு தரும் தங்கள் சாகோப் பனைகளைக் காப்பாற்றியதைச் சொல்லும் இடத்தில், இதை அப்படியே போட்டுப் படித்துப் பாருங்கள்.