ரெண்டு ஸ்வெட்டர் போட்டா ஹேமக்ல முதுகு குளிராதா?

சூரியநெல்லி:
நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார்: "மார்கழியில மூணாறுக்கு மேலே ஹேமக் கட்டிப் படுக்க ரெண்டு ஸ்வெட்டர், ஒரு ஜீன்ஸ், மங்கி கேப் போதும். மத்ததெல்லாம் கடைக்காரன் காசு பிடுங்குற வேலை." இதை நம்பிப் பசங்க கிளம்பிடக் கூடாது. ஹேமக்னா ரெண்டு மரத்துக்கு நடுவுல தொங்குற துணிப் படுக்கை, அதுக்கு அடியில காத்து ஓடிக்கிட்டே இருக்கும். உடம்பு எடை முழுக்க முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே இருக்கிற துணியை அமுக்கும். உல்லன் தானா சூடு தர்றதில்ல, அதுக்குள்ள சிக்குன காத்துதான் உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்குது. அமுங்குனா அந்தக் காத்து போயிடும். ரெண்டு இல்ல, நாலு ஸ்வெட்டர் போட்டாலும் முதுகு குளிரும்.

போடிமெட்டு:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாமே அண்ணே, எதுக்கு "ஒருத்தர்"? உல்லன் நனைஞ்சாலும் சூடு தரும், இது எல்லாருக்கும் தெரியும். எஸ்டேட்ல தலைமுறை தலைமுறையா ஸ்வெட்டரையும் கம்பளியையும் வச்சுத்தான் மார்கழியைத் தாண்டுறாங்க. அவங்களுக்கெல்லாம் முதுகு இல்லையா?

சூரியநெல்லி:
தம்பி, அவங்க ஸ்வெட்டர் போட்டு வேலை செய்யுறாங்க. வேலை செய்யுற உடம்பு சூட்டை உண்டாக்கும், தூங்குற உடம்பு அந்த அளவுக்கு உண்டாக்காது. அப்புறம், நனையுறது வேற, அமுங்குறது வேற. கம்பளி நூல் தன் எடையில சுமார் 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கிட்டும் உடம்புல சில்லுனு ஒட்டாது. அது உண்மை, நான் மறுக்கல. ஆனா 65 கிலோ ஆள் மேலே படுத்தா அந்த ஸ்வெட்டர் அப்பளம் மாதிரி ஆயிடும். பின்னல் ஓட்டை வழியாக் காத்தும் நுழையும். நான் கேட்டது முதுகைப் பத்தி. நீங்க ஈரத்தைப் பத்திச் சொல்றீங்க.

வட்டவடை:
ஸ்வெட்டர் சண்டையில ஜீன்ஸை எல்லாரும் விட்டுட்டீங்க. பருத்தி வேர்வையைக் குடிச்சு வச்சுக்கும், லேசுல காயாது. ராத்திரி பூரா அந்த ஈரத்தைக் காய வைக்கவே உடம்புச் சூடு போயிடும். மலை ஏறுன சட்டை, பேண்ட், உள்ளாடை, சாக்ஸ் எல்லாத்தையும் கழட்டிட்டு, பிளாஸ்டிக் கவர்ல தனியா கட்டி வச்ச காஞ்ச உடுப்புக்கு மாறணும். உடம்போட ஒட்டி முழுக்கை தெர்மல் உள்ளாடை, மெரினோங்கிற மெல்லிசான ஆட்டு உல்லனோ பாலியஸ்டரோ. மேலே ஃப்ளீஸ், அதாவது புசுபுசுன்னு இருக்கிற பாலியஸ்டர் மேல்சட்டை. காலுக்குத் தெர்மலும் தளர்ந்த ட்ராக் பேண்டும். சாக்ஸ் ஒரு ஜோடி தடிமனான உல்லன் போதும். இறுக்கமா ரெண்டு போட்டா ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல்தான் முதல்ல விறைக்கும். கழுத்துக்கு மஃப்ளர். மூக்கையும் வாயையும் மூடாதீங்க, மூச்சு ஈரம் தூங்குற பையை நனைக்கும்.

போடிமெட்டு:
அக்கா சொன்னது சரி, ஜீன்ஸை நான் விட்டுடுறேன். ஸ்வெட்டரை விட மாட்டேன். உல்லன் நூல் சுருள் சுருளா இருக்கும், அமுக்குனாலும் ஸ்பிரிங் மாதிரி எழும்பும்.

சூரியநெல்லி:
எழும்பும், நீங்க எந்திரிச்ச பிறகு. படுத்திருக்கிற வரைக்கும் எப்படி எழும்பும்?

கம்பம்மெட்டு:
எந்த உயரம், எந்த மாசம், "சூடு"னா எத்தனை டிகிரிக்கு, யாருமே சொல்லாம அடிச்சுக்கிறீங்க. 1000 மீட்டர் ஏறினா ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மூணாறு டவுன்ல இருக்கிற குளிரும் 2640 மீட்டர் மீசப்புலிமலைக் குளிரும் ஒண்ணா? அதோட ஹேமக், ஹேமக்னு ஏன் சொல்லணும்? தூளின்னு நல்ல தமிழ்ச் சொல் இருக்கே.

வட்டவடை:
தூளி பிள்ளைக்குக் கட்டுறது. ஒரே கொக்கியில ரெண்டு முனையும் மாட்டுவோம். இது ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுறது. பேரை மாத்துனா கட்டுற முறையும் மாறிடும்.

கம்பம்மெட்டு:
எங்க பக்கம் ரெண்டுக்கும் தூளிதான். போன தடவை டார்ப் (மழைக்கு மேலே கட்டுற ஷீட்) விவாதத்துலயும் நான் சொன்ன சொல்லை இப்படித்தான் தள்ளிவிட்டீங்க.

சூரியநெல்லி:
பேர் எதுவா வேணா இருக்கட்டும், முதுகு குளிரும். மூணாறைச் சுத்தி இருக்கிற செண்டுவாரை, லெட்சுமி, சைலண்ட்வேலி எஸ்டேட் பக்கம் டிசம்பர், ஜனவரியில புல்லு மேல உறைபனி படியும். குளிர்ந்த காத்து கனம், பள்ளத்துல போய்த் தேங்கும். அதனால ஓடைக்கரையில கட்டாம, கொஞ்சம் மேலே, காத்து மறைவான சரிவுல கட்டுங்க. வனத்துறை அனுமதி இல்லாத இடத்துல கட்டாதீங்க, அது தனி. இப்ப முதுகுக்கு வர்றேன். யோகா பாய் இருக்கே, 6 மி.மீ, 60 செ.மீ அகலம், துளை ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடியிருக்கிற ஃபோம். அது பெருசா அமுங்காது, காத்தும் புகாது. ஆனா 60 செ.மீ தோளுக்குப் பத்தாது, ஹேமக் துணி ரெண்டு பக்கமும் தோளைச் சுத்தி ஏறும். அதனால இன்னொரு துண்டு, 25 செ.மீ அகலம், 1 மீட்டர் நீளம் வெட்டி, தோள் வர்ற இடத்துல குறுக்கே ஒட்டணும். ஒத்தைத் துணி ஹேமக்னா பாய் நழுவும். அதைத் தூங்குற பைக்குள்ள வச்சுட்டா நழுவாது. கயிறை ரொம்ப இறுக்கிக் கட்டினாலும் துணி தோளை நெருக்கி, பக்கவாட்டுப் பஞ்சையும் அமுக்கும். கிடைமட்டத்துல இருந்து 30 டிகிரி சரிவு விடுங்க.

போடிமெட்டு:
விவாதம் என்ன உடுத்துறதுன்னு. பாய் உடுப்பா? கேட்டதுக்குப் பதில் இல்லாததால விஷயத்தை மாத்துறீங்க.

சூரியநெல்லி:
உடுப்பாவே வேணுமா? அந்தப் பாயில 40-க்கு 60 செ.மீ துண்டு வெட்டி, ரெண்டு ஸ்வெட்டருக்கும் நடுவுல முதுகுப் பக்கம் செருகுங்க. இடுப்புக்குக் கீழே இன்னொரு துண்டு. இப்ப அதுவும் உடுத்தினதுதான். அதோட பஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு படுக்காதீங்க, ஜிப்பைத் திறந்து மேலே போர்த்துங்க. முதுகுல அமுங்கி வீணாகிற பஞ்சு நெஞ்சுக்கு உதவும்.

வட்டவடை:
எடை அதிகமானாலும் பரவாயில்லைனா, தடிமனான கம்பளியை ஹேமக்குக்கு அடியில எலாஸ்டிக் கயித்தால தொங்கவிடலாம். ரெண்டு முனையிலயும் சுருக்கு வேணும். தொளதொளன்னு விட்டா நடுவுல இடைவெளி விழுந்து குளிர் காத்து புகுந்துடும். இறுக்குனா அதுவும் அமுங்கிடும். உள்ளே ஒருத்தர் படுத்த பிறகு கையை விட்டுப் பாருங்க, லேசாத் தொட்டுக்கிட்டு இருக்கணும். காத்து மறைக்கணும்னு அடியில பிளாஸ்டிக் ஷீட் சுத்தாதீங்க, உடம்பு ஆவி அதுல நீரா நின்னு கம்பளியை நனைச்சுடும்.

போடிமெட்டு:
பாருங்க, அக்காவே கம்பளிங்கிறாங்க! உல்லன் ஜெயிச்சுது.

வட்டவடை:
அடியில தொங்குற கம்பளின்னு சொன்னேன் தம்பி. உடம்புக்குக் கீழே அமுங்குற கம்பளின்னு சொல்லல.

போடிமெட்டு:
கம்பளி கம்பளிதான். சரி, 5 டிகிரின்னு போட்ட தூங்குற பை வாங்குனா ஸ்வெட்டரே வேண்டாமே, அதையாவது ஒத்துக்குவீங்களா?

சூரியநெல்லி:
மாட்டேன். ஐரோப்பியத் தர முறையில அந்த எண்ணை எடுக்குறப்போ பொம்மைக்கு முழுக்கை உள்ளாடை போட்டு, அடியில மெத்தைப் பாய் விரிச்சுத்தான் அளக்குறாங்க. அந்த 5 டிகிரியிலயே பாய் ஒளிஞ்சிருக்கு. பாயை எடுத்துட்டா முதுகு குளிரும்.

கம்பம்மெட்டு:
இன்னும் யாரும் எந்த உயரம்னு சொல்லல.

போடிமெட்டு:
ரெண்டு ஸ்வெட்டர், அதுல ஒண்ணு கைப்பின்னல். முதுகு குளிராது. எழுதி வச்சுக்கோங்க.

சூரியநெல்லி:
கைப்பின்னல்ல ஓட்டை இன்னும் பெருசு, தம்பி.