தமிழ் சப்டைட்டிலோடு எம்கேவி படத்தை டிவிடியாக்கினால் எழுத்து உடைகிறது, நேரமும் தள்ளிப்போகிறது

திரைப்பித்து:
எம்கேவி ஃபைல் ஒன்று. 1280×720, நொடிக்கு 23.976 ஃப்ரேம், ஓடும் நேரம் இரண்டு மணி. தமிழ் சப்டைட்டில் தனியே எஸ்ஆர்டி ஃபைலாக (வசனமும் அது வரவேண்டிய நேரமும் உள்ள எழுத்து ஃபைல்) இருக்கிறது. டிவியோடு இணைத்த சாதாரண டிவிடி பிளேயரில் பார்க்க வேண்டும். இலவச மென்பொருள் ஒன்றில் பால் (PAL) என்ற டிவி முறையைத் தேர்ந்தெடுத்து மாற்றியதில் மூன்று கோளாறுகள்: ‘கெ’, ‘பை’ போன்ற எழுத்துகளில் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கிறது, தொடக்கத்தில் சரியாக வரும் சப்டைட்டில் ஒரு மணி நேரம் ஆவதற்குள் இரண்டரை நிமிடம் பிந்திவிடுகிறது, மொத்த அளவு 5.8 ஜிபி ஆகி டிஸ்கில் அடங்கவில்லை. அதே எஸ்ஆர்டி கணினியில் விஎல்சியில் ஒழுங்காகத் தெரிகிறது. எங்கே தவறு?

கம்பிவடம்:
மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

நேரம் பிந்துவது பால் முறையால். பால் என்றால் நொடிக்கு 25 ஃப்ரேம். உங்கள் மென்பொருள் 23.976-ஐ 25 ஆக வேகப்படுத்தியிருக்கிறது, அதாவது சுமார் 4.3% வேகம் கூடியிருக்கிறது. 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். எஸ்ஆர்டியில் இருப்பதோ பழைய நேரம். படம் முன்னே ஓட, எழுத்து பின்னே நொண்டுகிறது. பாலிலேயே இருக்க வேண்டுமென்றால் சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் ஃப்ரேம் ரேட்டை மாற்றும் வசதியில் 23.976-லிருந்து 25 என்று கொடுத்துச் சேமியுங்கள். நொடிக்கணக்கில் முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்ய முயல வேண்டாம். ஓரிடத்தில் பொருந்தும், அடுத்த காட்சியிலேயே விலகும்.

என்னைக் கேட்டால் 23.976 படத்துக்கு என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு டிவி முறைதான் பொருத்தம். 720×480, நேரம் மாறாது, எஸ்ஆர்டியைத் தொடவே வேண்டாம், குரலும் கீச்சென்று ஏறாது. பால் நாடுகளில் விற்கும் பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் என்டிஎஸ்சி டிஸ்கை ஏற்கும். இழப்பு என்று பார்த்தால் 576 வரி 480 ஆகக் குறைவதுதான்.

அளவுக்கு வருவோம். 4.7 ஜிபி டிஸ்கில் உள்ளது ஏறத்தாழ 3 கோடியே 76 லட்சம் கிலோபிட். இரண்டு மணி என்றால் 7200 நொடி. வகுத்தால் நொடிக்கு 5200 கிலோபிட் சொச்சம். கோப்பு அமைப்புக்கு 4 சதவீதம், ஏசி3 ஒலிக்கு 192 கழித்தால் வீடியோவுக்கு 4800 மிஞ்சும். நீங்கள் பயன்படுத்தியது எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்றும் நிரலை உள்ளே வைத்திருக்கும் மென்பொருளாக இருக்கும். அதன் டிவிடி முன்னமைப்பு வீடியோவுக்கு 6000, ஒலிக்கு 448 எடுத்துக்கொள்ளும். இரண்டு மணிக்கு அது சரியாக 5.8 ஜிபி. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை, நீங்களே கொடுத்து, இரண்டு பாஸில் (முதல் முறை படத்தை அலசி, இரண்டாம் முறை எழுதுவது) என்கோட் செய்யுங்கள்.

வட்டுச்சுழல்:
எழுத்து உடைவதைப் பற்றி. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இருப்பதே இல்லை, ஒவ்வொரு வரியும் நான்கே நிறமுள்ள ஒரு சிறு படம். எஸ்ஆர்டியைப் படமாக்கும் வேலையை ஸ்புமக்ஸ் போன்ற பழைய கருவி செய்தால், யூனிகோடில் உள்ள வரிசைப்படியே குறிகளை அடுக்கிவிடும். கொம்பு சேமிப்பில் மெய்க்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைக்கிற அறிவு அந்தக் கருவிக்குக் கிடையாது. ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பது வீண். எழுத்துக்குப் பதில் கட்டம் வந்தால் மட்டும்தான் அது ஃபான்ட் கோளாறு.

வழி இரண்டு. ஒன்று, சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது. எஃப்எஃப்எம்பெக்கின் சப்டைட்டில் ஃபில்டர் லிப்ஆஸ் என்ற சப்டைட்டில் வரையும் நிரல் வழியாக வேலை செய்கிறது. எழுத்துகளை உரிய இடத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் சேர்த்து உருவாக்கிய லிப்ஆஸ் என்றால் தமிழ் முழுமையாக வரும். ஆனால் நிறுத்த முடியாது. மற்றொன்று, சப்டைட்டில் எடிட்டில் எஸ்ஆர்டியைத் திறந்து வோப்சப் என்ற பட வகைச் சப்டைட்டிலாகவோ, ஸ்புமக்ஸுக்கான படங்களாகவோ ஏற்றுமதி செய்வது. எழுத்தை விண்டோஸ் வரைந்து தருவதால் கொம்பு இடத்தில் நிற்கும். ரிமோட்டில் போடவும் நிறுத்தவும் முடியும்.

இரண்டாம் வழியில் ஒரு பொறி இருக்கிறது: சப்டைட்டிலின் நிறப்பட்டியல் வீடியோவுக்குள் இல்லை, டிஸ்கின் அமைப்பு விவரம் உள்ள ஐஎஃப்ஓ ஃபைலில் இருக்கிறது. வோப்சப்பை எஃப்எஃப்எம்பெக்கால் நேரே சேர்த்துவிட்டு, டிவிடி அமைப்பை உருவாக்கும் டிவிடிஆதருக்குக் கொடுத்தால் பட்டியல் வழியில் தொலைந்து, எழுத்து பச்சையாகவோ வேறு ஏதோ நிறமாகவோ வரும். ஸ்புமக்ஸ் வழியாகப் படங்களைச் சேர்த்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எந்த வழியானாலும் எஸ்ஆர்டி யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கட்டும். நோட்பேடில் ஆன்சி என்று சேமித்துவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், பிறகு அதை மீட்க முடியாது.

திரைப்பித்து:
நன்றி. என்டிஎஸ்சிக்கு மாறி, படத்தின் மேலேயே பதித்தேன். நேரம் பொருந்துகிறது, கொம்பும் சரி. ஆனால் ஐஎஸ்ஓவை (டிஸ்கில் எரிப்பதற்கான ஒற்றை ஃபைல்) விஎல்சியில் ஓட்டினால் எழுத்து நசுங்கி அகலமாகத் தெரிகிறது. படம் சரியான விகிதத்தில்தான் இருக்கிறது. 2.35 அகலப் படம், மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

கம்பிவடம்:
720×480க்குச் சுருக்கிய பிறகு எழுத்தைப் பதித்திருக்கிறீர்கள். 16:9 கொடி (திரை விகிதத்தைச் சொல்லும் குறிப்பு) உள்ள டிஸ்கில் அந்த 720-ஐ டிவி ஏறத்தாழ 854 அளவுக்கு இழுத்துக் காட்டும்; கூடவே எழுத்தும் இழுபடும். ஃபில்டர் வரிசையை இப்படி மாற்றுங்கள்: முதலில் 854×364, அடுத்து மேலும் கீழும் 58 வரி கறுப்பு சேர்த்து 854×480, அதன்மேல் சப்டைட்டில், கடைசியில்தான் 720×480, 16:9 கொடி.

ஃபான்ட் அளவு குழப்பும். எஸ்ஆர்டிக்கு எஃப்எஃப்எம்பெக் 288 வரி உயரத் திரை என்று வைத்துக் கணக்கிடுகிறது. 18 என்று கொடுத்தால் 480 வரியில் அது 30 பிக்சல். தமிழுக்கு அதற்குக் கீழே போனால் புள்ளி தெரியாது. பழைய குழாய் டிவி என்றால் ஓரத்தை வெட்டிவிடும். கீழ்ப்பட்டையின் அடியில் ஒட்டவைக்காமல் 30 வரியாவது மேலே தூக்குங்கள். நிறம் வெள்ளையே நல்லது, அதுவும் சற்று மங்கலான வெள்ளை, கறுப்பு விளிம்போடு. சிவப்பு, நீலம் வேண்டாம்: டிவிடியில் நிற விவரம் ஒளி விவரத்தின் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும்தான் பதிவாகிறது, எழுத்தோரம் கசியும்.

அலைவரிசை:
ஒன்று விட்டுப்போனது. எஃப்எஃப்எம்பெக்கின் என்டிஎஸ்சி முன்னமைப்பு சில ஃப்ரேம்களை இரண்டு முறை போட்டு 29.97 ஆக்குகிறது. கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் சின்ன வெட்டு தெரியும். அது உறுத்தினால் 23.976லேயே என்கோட் செய்து டிஜிபுல்டவுன் என்ற கருவி கொண்டு 3:2 கொடி (பிளேயரையே 29.97 ஆக்கிக் காட்டச் சொல்லும் குறிப்பு) சேர்த்து, பிறகு ஒலியோடு இணையுங்கள்.

எரிக்கும்போது டிவிடி ஃபைல்கள் உள்ள வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை டேட்டா டிஸ்காக இழுத்துப் போடாதீர்கள். இம்க்பர்ன் என்ற எரிக்கும் மென்பொருளில் ஐஎஸ்ஓ 9660, யுடிஎஃப் (UDF) 1.02 என்ற கோப்பு அமைப்புகள் இரண்டும் சேர்ந்த முறையில் எழுத வேண்டும். பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கள், 8 மடங்கு வேகம் போதும், ஃபைனலைஸ் (எழுதி முடித்து டிஸ்கை மூடுவது) கட்டாயம். டிஸ்கின் வெளி ஓரம்தான் முதலில் சொதப்பும், அதனால் கடைசிப் பத்து நிமிடத்தையும் பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே படம் உறைந்து கட்டம் கட்டமாக உடைந்தால் என்கோடிங்கைக் குற்றம் சொல்லாமல், அதே ஐஎஸ்ஓவை வேறு கம்பெனி டிஸ்கில் 4 மடங்கில் எரியுங்கள்.