தானப் பால் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் தங்கச்சிக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்து இன்குபேட்டரில் இருக்கிறான். அவளுக்கு இன்னும் சரியாகப் பால் ஊறவில்லை. அதனால் மற்றத் தாய்மார்கள் தானமாகத் தந்த தாய்ப்பால் வங்கிப் பாலை டியூப் வழியாகக் கொடுக்கிறார்கள்.

62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, உடனே குளிரவைத்த பால். கிருமி பயம் இல்லை, சரி. படித்துப் பார்த்ததில், குடல் வளர உதவும் ஈ.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் இந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் புரதமான லாக்டோஃபெரின் நன்றாகவே குறைகிறது. கொழுப்பைச் செரிக்க வைக்கும் லைபேஸ் மொத்தமாகப் போய்விடுகிறது. பவுடர் பாலுக்கு இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ், டாக்டர் யாராவது இருந்தால்: லைபேஸ் இல்லாததால் எடை ஏறுவது தாமதமாகுமா? தங்கச்சி பீய்ச்சும் அஞ்சாறு சொட்டுச் சீம்பாலைச் சூடாக்காமல் அப்படியே கன்னத்தின் உட்புறம் தடவச் சொல்லிக் கேட்கலாமா? (எங்கள் பெரியம்மா அதையும் காய்ச்சச் சொல்கிறார், அவரை நான் சமாளித்துக்கொள்கிறேன்.) 72 டிகிரியில் 15 விநாடி மட்டும் சூடாக்கும் முறை நம் ஊரில் எங்காவது இருக்கிறதா?

நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்கப் போகிறோம். அதற்குமுன் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் புண்ணியமாய்ப் போகும்.